கடப்பாரை இறங்கிய இடம்

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் சாலையில், அரவேணு தாண்டி ஒரு வளைவு. பள்ளத்துப் பக்கம் 84 மீட்டர் நீளத்துக்குத் தடுப்புச்சுவர் கட்டும் வேலை. கம்ப்யூட்டரில் வரைந்த ஆட்டோகேட் வரைபடத்திலிருந்து தேவையான கோடுகளை எடுத்து, கோணமும் தூரமும் அளந்து இடம் காட்டும் டோட்டல் ஸ்டேஷன் என்ற சர்வே கருவியின் கன்ட்ரோலரில் (கையடக்கத் திரையில்) ஏற்றித் தருவது என் பொறுப்பு. முதல் நாள் ராத்திரி ஏற்றிக் கொடுத்தேன். மறுநாள் காலை பையன்கள் அந்தக் கோட்டைத் தரையில் குறிக்க முளை அடிக்க ஆரம்பித்தார்கள். பத்தரை மணிக்கு மேஸ்திரி போன் செய்தார்.

"தம்பி, கொஞ்சம் வந்துட்டுப் போங்க. நீங்க குடுத்த கோட்டுல கடப்பாரை அப்படியே இறங்குது."

போனேன். நல்ல பனிமூட்டம். கருவி குறிபார்ப்பதற்காக ஐம்பது மீட்டர் தள்ளிப் பிடித்திருந்த பிரிசக் கண்ணாடி தெரிவதும் மறைவதுமாக இருந்தது. மேஸ்திரி ஒரு முளைக்குப் பக்கத்தில் கடப்பாரையை ஓங்கிக் குத்தினார். பாதிக்கு மேல் உள்ளே போய்விட்டது. எப்போதோ சாலை போட்டபோது தள்ளிவிட்ட மண். மேட்டுப் பக்கம் ஓர் எட்டு வைத்து மறுபடி குத்தினார். ணங்கென்று நின்றது.

"சுவர் முகம் இங்கதான வரணும்? அங்க கொண்டுபோய் நிறுத்தினா மழைக்குத் தாங்குமா?"

கன்ட்ரோலரை வாங்கிப் பார்த்தேன். உள்ளங்கை அளவுத் திரை, அதன்மேல் ஈரம். திரையில் மூன்று கோடுகள் ஒன்றை ஒட்டி ஒன்றாக ஓடின: சுவரின் முகம், பின்பக்கம், கடைக்காலின் (அஸ்திவாரத்தின்) வெளி விளிம்பு. மூன்றும் ஒரே நிறம், ஒரே லேயர் (படத்தில் கோடுகளை வகைபிரித்து வைக்கும் அடுக்கு). முளை பிடித்த பையன் வெளிக்கோட்டைச் சுவர் முகம் என்று நினைத்துத் தொட்டிருக்கிறான். அவன் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் தொட்டிருப்பார்கள். சுவர் முகம் 90 செ.மீ. பள்ளத்துக்குள் போய்விட்டது. அந்தக் கணக்கில் தோண்டினால் கடைக்கால் இன்னும் வெளியே, சரிவில் போய்த் தொங்கும்.

தப்பு என்னுடையது. வடிவமைப்பாளர் அனுப்பிய படத்தில் அந்தச் சுவர் ஒரு பிளாக்காக, அதாவது பல கோடுகளை ஒன்றாகக் கட்டிய ஒரே பொருளாக இருந்தது. பிளாக்குக்குள் இருக்கும் கோடுகள் பல கருவிகளில் தனித்தனியாகத் தேர்வாகாது என்பதால் அதை எக்ஸ்ப்ளோட் செய்து தனிக் கோடுகளாக உடைத்தேன். பிளாக்குக்குள் பூஜ்ய லேயரில் வரைந்த கோடுகள், பிளாக்காக இருக்கும்வரை அது வைக்கப்பட்ட லேயரின் நிறத்தில் தெரியும். உடைத்ததும் பூஜ்ய லேயருக்கே திரும்பிவிடும். என் கம்ப்யூட்டரில் பெரிய திரை, பக்கத்திலேயே குறுக்குவெட்டுப் படம். எது எந்தக் கோடு என்று எனக்குத் தெரியும். அதனால் மூன்றும் ஒரே லேயரில் கிடப்பதைக் கவனிக்காமலே, கருவிக்கு ஏற்றும் டிஎக்ஸ்எஃப் கோப்பை எடுத்துவிட்டேன்.

அரை நாள் கூலி வீண். அதைவிட, 2009 நவம்பர் மழையில் இந்த மலையில் சரிந்த இடங்கள் மனதில் வந்து போயின. அந்த மாதம் குன்னூர், கோத்தகிரி பக்கம் வீடுகளோடு மண்ணுக்குள் போனவர்கள் பலர். இங்கே தடுப்புச்சுவர் என்பது சாதாரண வேலை இல்லை.

அன்றிலிருந்து களத்துக்குத் தனிக் கோப்பு. முளை அடிக்க வேண்டிய கோடுகள் மட்டும் அதில் இருக்கும். மரம், வேலி, எழுத்து, ஹேட்ச் (நிரப்புக் கோடுகள்) எல்லாவற்றையும் எடுத்துவிடுவேன். லேயருக்குத் தமிழில் பெயர் வைத்துப் பார்த்தேன், எங்கள் கருவியில் கேள்விக்குறிகளாக வந்தது. சரி என்று 'சுவர் முகம்', 'கடைக்கால்' என்பதையே ஆங்கில எழுத்தில் வைக்கிறேன். துண்டு துண்டாக இருக்கும் கோடுகளை ஒரே பாலிலைனாக, அதாவது ஒரே தொடர்கோடாகச் சேர்ப்பது ரொம்ப முக்கியம். சேர்க்காவிட்டால் கருவி ஒவ்வொரு துண்டையும் பூஜ்யத்திலிருந்து அளக்கும். '40 மீட்டரில் நில்' என்றால் எந்தத் துண்டின் 40 என்று கேட்க வேண்டி வரும். வளைவில் ஸ்ப்லைன் என்ற நெளிகோடு இருந்தால் அதை ஆர்க்காக (வட்ட வில்லாக) மாற்றி வரைவேன். கோட்டின் திசையையும் பார்ப்பேன். அது தலைகீழாக இருந்தால் இடது வலதாகிவிடும், கோட்டிலிருந்து பக்கவாட்டில் தள்ளி அளக்கும் ஆஃப்செட் எல்லாம் எதிர்ப்பக்கம் போகும்.

மலையில் இன்னொரு விஷயமும் உண்டு. கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,790 மீட்டர். அந்த உயரத்தில் தரையில் அளக்கும் ஒரு கிலோமீட்டர், கடல் மட்ட அளவுக்கு இறக்கினால் கால் மீட்டருக்கும் சற்று மேலாகவே சுருங்கும். யுடிஎம் என்ற வரைபட முறையில் இந்தப் பகுதி வரும் 43-ஆம் மண்டலத்தின் அளவுக் காரணி (கடல் மட்ட நீளத்தை வரைபட நீளமாக மாற்றும் எண்) இந்தப் பக்கம் அதில் ஒரு பகுதியை ஈடுகட்டும், முழுசாக இல்லை. 84 மீட்டர் சுவரில் இது பெரிதாகத் தெரியாது. ஆனால் இரண்டு கிலோமீட்டர் சாலையை ஜிபிஎஸ் ஆயத்தொலைவில், அதாவது அந்த வரைபட அளவில் வரைந்துவிட்டு, டோட்டல் ஸ்டேஷனில் தரை அளவாகவே பிடித்துக்கொண்டு போனால், கடைசியில் கோடு பொருந்தாது. கருவியில் உயரம், மண்டலம் இரண்டுக்குமான காரணியைப் போட்டாயிற்றா என்று கேட்காமல் கோப்பைக் கொடுப்பதில்லை.

அப்புறம், குறுக்குவெட்டைப் பேனாவால் வரைந்த ஒரு தாள். எந்தக் கோடு எந்த லேயர், ஒன்றுக்கொன்று எத்தனை செ.மீ. என்று அதில் இருக்கும். மழைக்காக பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுக்கிறேன். பையன்கள் அதை டோட்டல் ஸ்டேஷன் பெட்டியின் மூடிக்குள் ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

அந்த வளைவில் மறுநாள் முளைகளைப் பிடுங்கி, சரியான கோட்டில் அடித்தோம். முதல் முளை இறங்கியதும் மேஸ்திரி கடப்பாரையோடு வந்தார். அதன் பக்கத்தில் குத்தினார். ணங்கென்றது.

"ஆங், இதுதான். அடுத்தது அடிங்க."