கண்மணியில் தெரிந்த பாவை

கண்ணாடி முன் நின்று முதலில் உங்கள் இடது கண்ணைப் பாருங்கள், அப்புறம் வலது கண்ணை. கண் நகர்வது உங்களுக்குத் தெரியவே தெரியாது. பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியும். பார்வை தாவும் அந்தக் கணத்தை மூளை நம்மிடமிருந்து மறைத்துவிடுகிறது, நொடிக்கு ஏறத்தாழ 3 முறை. இதை அறிந்த நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நானே பார்க்க முடியாத என் பார்வையை 4 நிமிடக் குறும்படமாக எடுக்க முடிவு செய்தேன்.

என் கண்ணையே, மிக அருகில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் மேக்ரோ லென்ஸில் எடுத்தேன். அவ்வளவு நெருக்கத்தில் ஃபோகஸ் மில்லிமீட்டர் கணக்கு. மூச்சு விட்டாலே கருமணி மங்கி இமைமுடி தெளிவாகிவிடும். அடுக்கிய புத்தகங்களில் தாடையை ஊன்றிக்கொண்டேன். நொடிக்கு 24 ஃப்ரேமில் தாவல் ஓரிரண்டு ஃப்ரேமுக்குள் முடிந்துபோனது. 120-க்கு மாற்றியதும் தெரிந்தது: விழி பாய்ந்து, நின்று, நின்ற பிறகும் கிண்ணத்துத் தண்ணீர் போல ஒருமுறை தளும்பியது. அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

ஒரு தொல்லை மட்டும் விடவில்லை. கருமணியில் கேமராவும், ஃபோகஸ் வளையத்தைத் திருகும் என் கையும் தெரிந்தன. விளக்கை நகர்த்தி, கேமராவுக்குக் கறுப்புத் துணி போர்த்தி இரண்டு நாள் போராடினேன். போகவில்லை.

முதல் எடிட்டில் எல்லாவற்றையும் விளக்கும் பின்னணிக் குரல் வைத்திருந்தேன். பார்த்த தோழி, "நல்லா புரியுது" என்றாள். புரிந்தது, ஆனால் அவளுக்குள் எதுவும் நடக்கவில்லை. சரி, குரலை எடுத்தேன். ஒரே கண் ஷாட்டைக் காலி நாற்காலிக்கு அப்புறமும், எரியும் தீக்குச்சிக்கு அப்புறமும் வைத்தேன். முதலில் ஏக்கம், அடுத்தது பயம் என்றாள். ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் ரஷ்யாவில் திரைப்பட இயக்குநர் லெவ் குலெஷோவ் ஒரு நடிகரின் முகத்தை வைத்துக் காட்டியதும் இதைத்தான். முகம் மாறவில்லை, பார்ப்பவர்தான் அதில் உணர்ச்சியை ஏற்றுகிறார். இது எனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் என் கண்ணில் ஏக்கம் என்று அவள் சொன்னபோது சிலிர்த்துவிட்டது. அந்த ஷாட்டில் என் மனத்தில் இருந்ததெல்லாம் ஃபோகஸ் தப்பிவிடக் கூடாதே என்பது மட்டும்தான்.

அப்புறம்தான் அந்தப் பிரதிபலிப்பு நினைவுக்கு வந்தது. கண்மணிக்குள் தெரியும் உருவத்துக்குத் தமிழில் பாவை என்றே பெயர் இருக்கிறதே! அழிக்கப் பார்த்ததையே கடைசி ஷாட்டாக்கினேன். வளையத்தைத் திருகும் கை, அதைச் சுற்றிய கருமை, மெல்ல நெருங்க நெருங்கத் திரை முழுக்க இருட்டு. 20 நொடி, ஒலியே இல்லாமல்.

தோழி லேப்டாப்பில் பார்த்தாள். படம் முடிந்தது என்று எழப் போனவள், இருண்ட திரையில் தன் முகத்தைக் கண்டு அப்படியே உட்கார்ந்தாள். இடது கண்ணைப் பார்த்தாள், அப்புறம் வலது கண்ணை.