ஈசிஜியில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனை எப்படிப் பிரித்தறிவது: இறுதியாண்டு மாணவர்களுக்கு

துடிப்பு ஒழுங்கில்லாமல் தெரிந்த உடனே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் தாறுமாறாக நடுங்குவது) என்று எழுதிவிடாதீர்கள். ஒழுங்கின்மை இன்னும் பல கோளாறுகளில் உண்டு, தேர்வில் மதிப்பெண் போவதும் வார்டில் மருந்து மாறிப்போவதும் இந்த அவசரத்தில்தான்.

நான் படித்த முறை இது. லீட் 2 ரிதம் ஸ்ட்ரிப்பின் (ஒரே லீடில் நீளமாக ஓடும் ஈசிஜி பதிவு) மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அடுத்தடுத்து நாலைந்து ஆர் முனைகளை (ஒவ்வொரு துடிப்பிலும் உயர்ந்து நிற்கும் கூர்முனை) பேனாவால் குறித்துக்கொண்டு, தாளை அப்படியே நகர்த்திப் பார்ப்பேன். எந்த இடத்திலும் குறிகள் பொருந்தவில்லை, பி அலையும் (மேலறை துடிப்பதைக் காட்டும் சிறு அலை) இல்லை என்றால் ஃபிப்ரிலேஷன். வேகம் 150-ஐத் தாண்டிவிட்டால் கண்ணுக்கு எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும், அதனால் தாளை விடாதீர்கள். வேகத்தைக் கணக்கிட 10 வினாடி ஸ்ட்ரிப்பில் உள்ள கியூஆர்எஸ்களை (கீழறை துடிப்பதைக் காட்டும் கூரான அலைகள்) எண்ணி 6-ஆல் பெருக்குங்கள். 300-ஐப் பெரிய கட்டங்களால் வகுக்கும் வழி இங்கே உதவாது.

பலரும் குழம்புவது ஏட்ரியல் ஃப்ளட்டரில், அதாவது மேலறைகள் ஒரே சீராக அதிவேகமாகத் துடிப்பதில். வி1-இல் ஃபிப்ரிலேஷன் அலைகள் சில சமயம் பெரிதாக, ஃப்ளட்டர் மாதிரியே இருக்கும். அலைக்கு அலை வடிவமும் இடைவெளியும் மாறுகிறதா என்று பாருங்கள், மாறினால் ஃபிப்ரிலேஷன். ஃப்ளட்டரில் 2, 3, ஏவிஎஃப் லீடுகளில் ரம்பப்பல் வடிவம் ஒரே சீராக, நிமிடத்துக்கு ஏறத்தாழ 300 என்ற வேகத்தில் ஓடும். இரண்டுக்கு ஒன்று கீழே இறங்கினால் வென்ட்ரிக்கிள் (கீழறை) வேகம் 150, அதனால் அசையாமல் 150-இலேயே நிற்கும் குறுகிய கியூஆர்எஸ் டாக்கிகார்டியாவை (வேகத் துடிப்பு) பார்த்தால் முதலில் ஃப்ளட்டரைத் தேடுங்கள்.

நாள்பட்ட நுரையீரல் நோயாளி, வேகம் 100-க்கு மேல், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வடிவங்களில் பி அலை என்றால் அது மல்ட்டிஃபோக்கல் ஏட்ரியல் டாக்கிகார்டியா. அடிக்கடி வரும் ஏட்ரியல் எக்டோபிக்கில் (மேலறையிலிருந்து முந்தி வரும் துடிப்பு) முந்திய பி அலை டி அலைக்குள் (கியூஆர்எஸ்ஸுக்குப் பின் வரும் அலை) ஒளிந்திருக்கும், மற்ற டி-களோடு ஒப்பிட்டால் பிடிபடும்.

கேஸ் பார்க்கும்போது கேட்கப்படுவது வேறு. நாடிக்கும் இதயத்தில் கேட்கும் துடிப்புக்கும் உள்ள வித்தியாசம் 10-க்கு மேல் இருந்தால் எக்டோபிக்கைவிட ஃபிப்ரிலேஷன் பக்கம்தான் சாயும். கழுத்துச் சிரையில் மேலறை சுருங்குவதால் வரும் 'ஏ' அலை இருக்காது. மைட்ரல் ஸ்டெனோசிஸ் (மைட்ரல் வால்வு குறுகல்) நோயாளியிடம் ப்ரீசிஸ்டாலிக் அக்சென்சுவேஷன் (கீழறை சுருங்குவதற்குச் சற்று முன் முணுமுணுப்பு ஓங்குவது) இருக்கிறதா என்று எக்ஸாமினர் கேட்டால், நாடியை ஒருமுறை தொட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள், ஃபிப்ரிலேஷனில் அது பொதுவாக மறைந்துவிடும்.

கடைசியாக, இதைக் கட்டாயம் மனதில் வையுங்கள். ஒழுங்கில்லாமல், 200-க்கு மேல் வேகமாக, கியூஆர்எஸ் அகலமாகவும் ஒவ்வொன்றும் வேறு அகலமாகவும் இருந்தால் டபிள்யூபிடபிள்யூ (மேலறைக்கும் கீழறைக்கும் இடையே கூடுதலாக ஒரு துணைப்பாதை இருக்கும் கோளாறு) உள்ளவருக்கு வந்த ஃபிப்ரிலேஷனாக இருக்கலாம். அங்கே வெராபமில், டிகாக்ஸின், அடினோசின் எதுவும் கூடாது. ஏவி நோடு (மேலறையிலிருந்து கீழறைக்குத் துடிப்பு இறங்கும் வழக்கமான வழி) அடைபட்டால் துணைப்பாதை வழியாகவே எல்லாத் துடிப்பும் இறங்கி வென்ட்ரிக்குலர் ஃபிப்ரிலேஷனில் முடியலாம். ரத்த அழுத்தம் விழுந்திருந்தால் உடனே சிங்க்ரனைஸ்டு ஷாக் (கியூஆர்எஸ்ஸோடு பொருத்திக் கொடுக்கும் மின் அதிர்ச்சி), நிலையாக இருந்தால் ப்ரோகெய்னமைட்.