சோதித்ததே சோதனையாக: பியர்டியூபைக் கிளவுட்ஃபிரண்டுடன் இணைத்த அனுபவம்

நண்பர்கள் மூவர் சேர்ந்து நடத்தும் கணக்குப்பதிவியல் வகுப்பின் காணொளிப் பதிவுகளைப் பியர்டியூப் என்ற, சொந்தக் காணொளித் தளம் நடத்த உதவும் திறமூல மென்பொருளில், ஜெர்மனியில் வாடகைக்கு எடுத்த ஒரு சிறிய சர்வரில் வைத்திருந்தோம். பகலில் எந்தக் குறையும் தெரியாது. தேர்வு நெருங்கும் வாரங்களில், இரவு எட்டு மணிக்கு மேல் மாணவர்கள் ஒரே நேரத்தில் திறந்தால், காணொளி பத்து நொடி ஓடி ஒரு நிமிடம் நிற்கும். அதனால் கோப்புகளை அமேசானின் எஸ்3 சேமிப்பகத்துக்கு மாற்றி, எங்கள் சொந்தக் கணக்கிலேயே, கோப்புகளின் நகல்களைப் பார்வையாளருக்கு அருகிலிருந்து தரும் அமேசானின் கிளவுட்ஃபிரண்ட் சேவை வழியாக விநியோகிக்க முடிவு செய்தேன். எஸ்3-இலிருந்து கிளவுட்ஃபிரண்டுக்குச் செல்லும் தரவுக்குக் கட்டணம் இல்லை என்பதும், அங்கிருந்து பார்வையாளருக்குச் செல்வதில் மாதம் 1 டெராபைட் வரை இலவசம் என்பதும் எங்களைப் போன்ற சிறிய வகுப்புக்குப் போதுமான காரணங்கள்.

எஸ்3-இன் மும்பை மண்டலத்தில் ஒரு பக்கெட்டை (கோப்புகளை வைக்கும் கொள்கலனை) தொடங்கி, அதற்கு மட்டுமே செல்லுபடியாகும் ஓர் அணுகல் சாவியை உருவாக்கி, பியர்டியூபின் அமைப்புக் கோப்பில் சேமிப்பகப் பகுதியை நிரப்பினேன். முதல் பதிவேற்றமே தோற்றது. 2023 ஏப்ரலிலிருந்து புதிதாகத் தொடங்கப்படும் பக்கெட்டுகளில், கோப்புவாரியாக அனுமதி எழுதும் பழைய முறை தொடக்கத்திலேயே அணைக்கப்பட்டிருக்கும். பியர்டியூபோ ஒவ்வொரு கோப்பையும் 'பொதுவில் படிக்கலாம்' என்ற குறிப்புடன் அனுப்பிக்கொண்டிருந்தது. அந்தக் குறிப்புக்கான வரியில் 'நல்' (null, மதிப்பு இல்லை) என்று எழுதி அதை அனுப்பாமல் தடுத்ததும் பதிவேற்றம் நடந்தது. பக்கெட்டைப் பொதுவில் திறந்துவிடுமாறு சிலர் யோசனை கூறினார்கள். அதற்கு நான் இசையவில்லை. பக்கெட்டைப் பூட்டியே வைத்து, எங்கள் கிளவுட்ஃபிரண்ட் விநியோகம் ஒன்றுக்கு மட்டும் படிக்கும் உரிமையைப் பக்கெட்டின் கொள்கையில் எழுதிவிடுவதே முறை.

அடுத்து, எங்கள் களப்பெயரின் கீழ் ஒரு துணைப்பெயருக்கு, பாதுகாப்பான இணைப்புக்கான (https) சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. பக்கெட் மும்பையில் இருக்கிறதே என்று சான்றிதழையும் மும்பையிலேயே கேட்டுப் பெற்றேன். கிளவுட்ஃபிரண்டின் பட்டியலில் அது தென்படவே இல்லை. அரை நாள் தேடிய பிறகுதான், கிளவுட்ஃபிரண்டுக்கான சான்றிதழ் வட வர்ஜீனியா மண்டலத்தில்தான் இருக்க வேண்டும் என்ற வரியை ஆவணத்தில் கண்டேன். முன்பே படித்திருந்தால் அரை நாள் மிஞ்சியிருக்கும்.

பியர்டியூபின் பக்கத்தில் செய்ய வேண்டியது ஒரே ஒரு வரிதான். அடிப்படை முகவரி என்ற இடத்தில் நம் துணைப்பெயரைக் கொடுத்தால், கோப்பு முகவரியின் முற்பகுதியை மட்டும் அது மாற்றிக்கொள்ளும். பாதை அப்படியே இருக்கும். மாற்றிவிட்டு ஒரு காணொளியைத் திறந்தேன். கறுப்புத் திரையும் சுழலும் வட்டமும்தான் வந்தன. ஆனால் காணொளித் துண்டுகளை வரிசைப்படுத்தும் பட்டியல் கோப்பின் முகவரியை நகலெடுத்துத் தனித் தாவலில் ஒட்டினால், எந்தத் தடையுமின்றி இறங்கியது. பிரவுசரின் கன்சோலில் கோர்ஸ் பிழை சிவப்பாக நின்றது. ஒரு தளத்தின் பக்கம் வேறொரு முகவரியிலுள்ள கோப்பைக் கேட்கும்போது, அந்த முகவரியின் பதிலில் அனுமதி இல்லையென்றால் பிரவுசர் தடுப்பதே இது.

பக்கெட்டில் கோர்ஸ் விதியை எழுதினேன். கிளவுட்ஃபிரண்டின் கேஷை (அது சேமித்துவைத்திருக்கும் நகல்களை) அழித்தேன். தனித் தாவலில் திறந்து கோப்பு வருகிறதா என்று உறுதிசெய்துகொண்டு, பிறகு பிளேயரை ஓட்டினேன். அதே பிழை. இதை மூன்று முறை செய்தேன். உறுதிசெய்துகொள்ளும் அந்தச் செயலே பிழைக்குக் காரணம் என்பது இரவு ஒரு மணிக்குத்தான் உறைத்தது. எந்தத் தளத்திலிருந்து கேட்கிறோம் என்ற தலைப்பு வரி (ஹெடர்) கோரிக்கையில் இருந்தால்தான், எஸ்3 தன் பதிலில் கோர்ஸ் அனுமதியைச் சேர்க்கும். தனித் தாவலில் முகவரியை நேரடியாகத் திறக்கும்போது அந்த வரி போவதில்லை. ஆகவே அனுமதியில்லாத பதில் வந்து, அதுவே கேஷில் படிந்து, பின்னால் வந்த பிளேயருக்கும் அதுவே கிடைத்திருக்கிறது. நான் வைத்திருந்த அமைப்பில் அந்தத் தலைப்பு கேஷின் அடையாளத்தில் சேராததால், இரண்டு கோரிக்கைகளும் அதற்கு ஒன்றாகவே தெரிந்தன. கிளவுட்ஃபிரண்டிலேயே பதில் தலைப்புக் கொள்கை ஒன்றை இணைத்து, அனுமதியை அங்கிருந்தே சேர்க்கச் செய்ததும் காணொளி ஓடியது. இரண்டாம் முறை திறந்தபோது பதிலின் தலைப்பில், கேஷிலிருந்தே கிடைத்ததைக் காட்டும் 'ஹிட்' என்றும், விநியோக முனையின் குறியீட்டில் சென்னை விமான நிலையத்தின் 'எம்ஏஏ' என்ற எழுத்துகளும் இருந்தன. அதுவரை ஜெர்மனிக்குப் போய்வந்துகொண்டிருந்த காணொளி இது.

பழைய பதிவுகளை இடம்பெயர்க்கப் பியர்டியூபே ஒரு கட்டளை தருகிறது. அதை ஓடவிட்டுத் தூங்கப் போய்விட்டேன்.

ஒரு சிக்கல் மட்டும் மீதமிருக்கிறது. கோப்புவாரி அனுமதியை அணைத்துவிட்டதால், தனிப்பட்டவை என்று நாங்கள் குறித்த காணொளிகளும் அதே பக்கெட்டில் அதே உரிமையுடன் இருக்கின்றன. பியர்டியூப் அவற்றைத் தன் சர்வர் வழியாகவே கொடுத்தாலும், கோப்பின் முழுப் பாதையை அறிந்தவர் கிளவுட்ஃபிரண்டில் கேட்டால் கிடைத்துவிடும். பாதையை ஊகிப்பது கடினம்தான். ஒருமுறை வெளியே போய்விட்டால் அந்தக் கடினத்தால் பயனில்லை. மாதிரித் தேர்வின் விடை விளக்கங்களை ஏற்றுவதை அதனால் இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறோம்.