பால் சொட்டின் கோணல் கிரீடம்

எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாய் ஒழுக ஆரம்பித்து, ப்ளம்பர் "நாளைக்குக் காலையில வந்துடறேன்" என்று சொல்லி நான்கு நாளாகியிருந்தது. ராத்திரி முழுக்க, கழுவப் போட்ட தட்டுகள் மேல் சொட்டுச் சொட்டென்று சத்தம். வேறு யாராக இருந்தாலும் அடியில் ஒரு துணியைப் போட்டுவிட்டுத் தூங்கப் போயிருப்பார்கள், நான் கேமராவை எடுத்துக்கொண்டு வந்து சிங்க் முன்னால் உட்கார்ந்தேன்.

முதல் நாள் செய்தது முழுக்கத் தப்பு. வேகமாக நகர்வதை நிறுத்த ஷட்டரை வேகமாக வைக்க வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்து டியூப் லைட் வெளிச்சத்திலேயே 1/4000 நொடி வைத்தேன். படம் கன்னங்கரேலென்று வந்தது. ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறனை, ஏற்றினால் சொட்டு தெரிந்தது, ஆனால் படம் முழுக்க ரவையைத் தூவினாற்போல் புள்ளி, சொட்டின் ஓரமும் கலங்கித்தான் இருந்தது. சரி, ஃப்ளாஷ் போடுவோம் என்று அதை முழுப் பவரில் வைத்து அடித்தேன். வெளிச்சம் வந்தது, கூடவே சொட்டுக்கு ஒரு வாலும் வந்தது.

விஷயம் புரிந்தது கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான். அரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் சொட்டு கீழே வர ஏறக்குறைய 0.32 நொடி ஆகிறது, வந்து சேரும்போது அதன் வேகம் நொடிக்கு 3 மீட்டருக்குச் சற்று மேல். ஃப்ளாஷோடு சேர்ந்து வேலை செய்ய என் கேமராவில் ஷட்டர் 1/200க்கு மேல் போகக்கூடாது. அந்த 1/200 நொடிக்குள் சொட்டு ஒன்றரை சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். சொட்டின் குறுக்களவே நாலைந்து மில்லிமீட்டர்தான்! அதனால் ஷட்டரை நம்பிப் பயனில்லை. அறையை இருட்டாக்கிவிட்டால் ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் எதுவும் பதியாது, ஃப்ளாஷ் அடிக்கும் அந்தக் கணம் மட்டும்தான் பதியும். அப்புறம் நான் தலையில் அடித்துக்கொண்ட இடம் ஒன்று உண்டு. ஃப்ளாஷின் பவரைக் குறைத்தால் பல்ப் மங்கலாக எரியும் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். சாதாரணமாகக் கேமரா மேல் மாட்டுகிற ஃப்ளாஷ்களில் அப்படி இல்லை, அதே பிரகாசத்தில் எரிந்து சீக்கிரம் அணைந்துவிடுகிறது. முழுப் பவரில் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி அளவுக்கு எரிவது, பவரை அதில் 1/64 பங்குக்கு இறக்கினால் 1/20,000 நொடிக்குப் பக்கத்தில் வந்துவிடும். அந்த நேரத்தில் சொட்டு நகர்வது ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்கு. ஆக, வெளிச்சம் போதவில்லை என்று பவரை ஏற்றினேனே, அதுதான் வாலுக்குக் காரணம். பவரை இறக்கி, ஃப்ளாஷைப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்க வேண்டும். (தண்ணீர் தெறிக்கும், அதனால் அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் கவர் சுற்றுங்கள். நான் சுற்றாமல் ஒருமுறை வயிற்றில் புளியைக் கரைத்துக்கொண்டேன்.)

ஃப்ளாஷைச் சொட்டின் மேல் நேராக அடிப்பதை விட, பின்னால் ஒரு பட்டர் பேப்பரை நிறுத்தி அதன் மேல் அடிப்பது நல்லது. பளபளப்பான பொருளுக்கு நேராக வெளிச்சம் கொடுத்தால் ஒரு வெள்ளைப் பொட்டுதான் மிஞ்சும். பின்னாலிருந்து கொடுத்தால் சொட்டு ஒரு லென்ஸாகி, பின்னால் இருப்பதைத் தலைகீழாகக் காட்டுகிறது. எங்கள் சமையலறை ஜன்னல் கம்பிகள், அதில் தொங்கிய பிடிதுணி உட்பட, ஒரு மிளகு அளவு தண்ணீருக்குள் தலைகீழாக நின்றதைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் வேறு படம் எடுக்கத் தோன்றவில்லை. இன்னொன்று, நாம் படம் வரையும்போது சொட்டுக்கு மேலே ஒரு கூர்முனை வைப்போமே, விழும் சொட்டு அப்படி இருப்பதே இல்லை. குழாயைவிட்டுப் பிரியும்போது கொஞ்சம் ஆடும், நீளும், சப்பையாகும், அதற்கப்புறம் உருண்டைதான்.

ஐந்தாம் நாள் ப்ளம்பர் வந்து வாஷர் மாற்றிவிட்டுப் போனார். நேரம் பார்த்து வந்தார் போங்கள். சொட்டுக்கு வேறு வழி தேடி மெடிக்கல் ஷாப்பில் குளுக்கோஸ் ஏற்றுகிற ட்ரிப் செட் ஒன்று கேட்டேன்.

"யாருக்கு சார் முடியல?"

"போட்டோ எடுக்க."

கடைக்காரர் செட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் கொடுத்தார். ஆனால் இந்த வேலைக்கு அதைப் போல மலிவான, சொன்னபடி கேட்கிற சாமான் வேறில்லை. அந்தச் சின்னச் சக்கரத்தை உருட்டினால் நொடிக்கு ஒன்று, இரண்டு நொடிக்கு ஒன்று என்று எப்படி வேண்டுமோ அப்படி விழும், அதுவும் ஒரே இடத்தில். ஃபோகஸுக்குப் பாத்திரத்தின் குறுக்கே ஒரு ஸ்டீல் ஸ்கேலை வைத்து, சொட்டு விழும் இடத்தில் ஒரு ஸ்க்ரூவை நிறுத்தி, அதற்கு ஃபோகஸ் செய்துவிட்டு மேனுவலுக்கு மாற்றிவிட வேண்டும். பிறகு ஸ்கேலை எடுத்துவிட்டு, கேமராவைத் தொடாமல் ரிமோட்டில் அமுக்குவது. கண்ணால் பார்த்து அமுக்கினால் பிடிபடாது. தாளம் போல மனதில் எண்ணிக்கொண்டு அமுக்க வேண்டும். முதல் இருநூறு படத்தில் தேறியது பதினொன்று.

பாத்திரத்தில் ஆழமாகப் பால் இருந்தால் சொட்டு விழுந்து குழி ஏற்பட்டு, அந்தக் குழி மூடும் வேகத்தில் நடுவிலிருந்து ஒரு தூண் எழும்பும், அதன் தலையில் ஒரு குட்டி உருண்டை. தட்டில் மெல்லிசாகப் பரப்பியிருந்தால் தூண் இல்லை, சுற்றிலும் சுவர் எழும்பி, விளிம்பில் முனைமுனையாகப் பிரிந்து, ஒவ்வொரு முனையிலும் ஒரு முத்து. அதுதான் எல்லாரும் கேட்கிற கிரீடம். எவர்சில்வர் தட்டில் பாலை ஊற்றியதைப் பார்த்துவிட்டு அம்மா "பாலைக் கொட்டி விளையாடற வயசா இது?" என்றாள். அதற்கப்புறம் ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஒரு கரண்டிப் பால் என்று சமாதானமானோம்.

சரி, தலைப்புக்கு வருகிறேன். அந்தத் தூணுக்கு வொர்திங்டன் ஜெட் என்று பெயர். ஆர்தர் வொர்திங்டன் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் கேமரா இல்லாமலேயே இதை ஆராய ஆரம்பித்தவர். இருட்டறையில் சொட்டு விழும் சமயத்தில் ஒரு மின்பொறியை வெட்டவிட்டு, கண்ணில் தங்கிய பிம்பத்தைக் கையால் வரைந்தார். வரைந்து வெளியிட்டவை எல்லாம் அளவெடுத்தாற்போல் சீரானவை, முனைக்கு முனை சம தூரம். 1894இல் அதையே புகைப்படமாக எடுத்துப் பார்த்தால் எல்லாமே கோணல். சீரில்லாமல் தெரிந்ததை எல்லாம் ஏதோ தவறி வந்தது என்று தானே ஒதுக்கிவிட்டதை அவர் பிறகு எழுத்திலேயே ஒப்புக்கொண்டார், 1908இல் வந்த 'எ ஸ்டடி ஆஃப் ஸ்பிளாஷஸ்' புத்தகத்தில். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் இருந்த ஹரால்டு எட்ஜர்டன் 1957இல் எடுத்த, சிவப்புப் பின்னணியில் நிற்கும் அந்தப் பிரபலமான பால் கிரீடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், அதிலும் முத்துகள் ஒரே அளவில் இல்லை.

இதைப் படித்தபோது எனக்கு வயிறு கலங்கியது. நானும் கோணல் என்று தோன்றிய எல்லாவற்றையும் அன்றன்றைக்கே அழித்துக்கொண்டிருந்தேன். மீட்டெடுக்கும் மென்பொருளைப் போட்டுக் கார்டைத் துழாவியதில் நாற்பதுக்கு மேல் திரும்பி வந்தன. அதில் ஒன்றை இப்போது கணினியில் திறந்து வைத்திருக்கிறேன். இடது பக்கச் சுவர் வலதை விட உயரம். பதினெட்டு முனை எண்ணினேன், இரண்டு ஒட்டிக்கொண்டு வாத்தின் கால் மாதிரி இருக்கிறது, ஒன்றில் முத்து அறுந்து தனியாகப் போய்க்கொண்டிருக்கிறது. முந்தைய சொட்டின் அலை அடங்குவதற்குள் இது விழுந்துவிட்டது, அதனால் ஒரு பக்கம் பால் தடிமனாக இருந்திருக்கிறது. அந்த அலையின் வளையம்கூடப் படத்தின் ஓரத்தில் லேசாகத் தெரிகிறது. தேறியது என்று நான் வைத்திருந்த பதினொன்றில் எதிலும் அது இல்லை.

இனி இரண்டு சொட்டு மோதுவதை எடுக்க வேண்டும். முதல் சொட்டின் தூண் எழும்பி நிற்கும்போது அதன் தலையில் அடுத்தது விழுந்தால் குடை மாதிரி விரியும். ட்ரிப் செட்டை வேகமாகத் திறந்துவிட்டு மூன்று நாள் முயன்றதில் ஒரே ஒரு குடை கிடைத்தது, அதுவும் ஃபோகஸுக்கு வெளியே. மின்சாரத்தால் திறந்து மூடுகிற சோலினாய்டு வால்வும், அதை நேரம் பார்த்து ஓட்ட ஆர்டுயினோ என்கிற குட்டிக் கணினி போர்டு ஒன்றும் வாங்கியாக வேண்டும். பால் பாக்கெட்டை அம்மா எங்கே வைக்கிறாள் என்பதையும் கண்டுபிடிக்க வேண்டும்.