இரவல் கொப்பி

11.10.2024, வெள்ளி

சரஸ்வதி பூசை. கும்பத்துக்கு முன்னால் புத்தகம் வைப்பது எங்கள் வீட்டில் ஒரு சண்டையோடுதான் நடக்கும். அம்மா இருந்த காலத்தில் பாடப்புத்தகம், கொப்பி, பேனை எல்லாம் கும்பத்தடியில் போய்ச் சேர்ந்துவிடும். விசயதசமி காலை எடுக்கும்வரை ஒன்றையும் தொட்டு வாசிக்கக் கூடாது. கணக்குக் கொப்பியைக் கும்பிட வைத்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை. பாதியில் நிற்கிற கதைப்புத்தகத்தை வைத்தால்தான் உயிர் போகும்.

அப்பா ஒரு தந்திரம் செய்வார். வாசித்து முடித்த புத்தகமாகத் தேடியெடுத்துப் பட்டுத்துண்டால் மூடி வைத்துவிட்டு, வாசிக்கிறதைத் தலையணைக்குக் கீழே ஒளித்து வைத்திருப்பார். "எது முடிஞ்சது, எது முடியேல்லை எண்டு சரஸ்வதிக்குத் தெரியும்" என்பார்.

இன்றைக்கு நானும் அதையே செய்தேன். அவலும் கடலையும் கொஞ்சம் கூடப் படைத்துச் சரிக்கட்டினேன்.

13.10.2024, ஞாயிறு

மேசன் ஓட்டில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார். "ரீச்சர், புத்தக அறைக்கு மேலை ரண்டு கைமரம் உக்கிப்போச்சு. மாரி பிடிக்க முதல் செய்யோணும். உதுகளை ஆர் தூக்கிறது?" கண் கைமரத்தில் இல்லை, அலுமாரியில் இருந்தது. நான் தூக்குவேன் என்று சொன்ன பிறகுதான் தேத்தண்ணியைக் கையில் எடுத்தார்.

19.10.2024, சனி

மூன்று பின்னேரம் போயிற்று. 612 புத்தகங்கள், சஞ்சிகைகளைச் சேர்க்காமல். எல்லாம் இப்போது விறாந்தையில், உரப்பையை விரித்து அடுக்கியிருக்கிறேன். வெயிலில் நேரே போட்டால் தாள் முறுகிவிடும், அதனால் நிழலும் காற்றும் மட்டும். இடையிடையே காய்ந்த வேப்பிலை.

மேல்தட்டில் இருந்த ஒரு கட்டைப் பிரித்தபோது இராமபாணம் என்கிற புத்தகப் பூச்சியின் வேலையைப் பார்த்தேன். முன்னட்டையில் குண்டூசித் தலையளவு ஓட்டை. பக்கத்தைப் புரட்டப் புரட்ட அதே இடத்தில் அதே ஓட்டை. பின்னட்டையாலும் வெளியே வந்து, அடுத்த புத்தகத்துக்குள் போயிருக்கிறது. இராமன் ஒரு அம்பால் ஏழு மராமரங்களைத் துளைத்தான் என்று படித்ததை நம்பாதவர்கள் எங்கள் மேல்தட்டைப் பார்க்கலாம். இந்தப் பூச்சிக்குப் பெயர் வைத்தவன் நிச்சயம் புத்தகம் வைத்திருந்தவன்தான். கோபத்திலும் ஒரு மரியாதை தெரிகிறது.

'கொலை வாள்' தப்பியது. 'பொன்னியின் செல்வ'னின் மூன்றாம் பாகம், கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்ததைக் கிழித்தெடுத்து அப்பா தன் கையாலேயே கட்டியது. அட்டை, ஏதோ பெட்டியின் மட்டை. முதுகுக்கு அம்மம்மாவின் பழைய வெள்ளைச் சேலைத் துண்டு. தைத்தது சாக்கூசியால், பட்டம் ஏற்றுகிற நூலில். மூன்று துளை போட வேண்டிய இடத்தில் அவசரத்தில் நான்கு போட்டிருக்கிறார். ஓவியர் மணியத்தின் படங்கள் இன்னும் தெளிவாகத்தான் இருக்கின்றன. வந்தியத்தேவனின் குதிரைக்கு மட்டும் யாரோ பென்சிலால் மீசை வைத்திருக்கிறார்கள். நான் இல்லை. அண்ணாவாக இருக்கலாம்.

இப்படிக் கட்டிய புத்தகத்தில் எனக்குப் பிடித்தது, அத்தியாயம் முடிகிற தாளின் மறுபக்கம். அங்கே வேறு யாரோ எழுதிய சிறுகதை ஒன்று தொடங்கும். ஒரு பெண் ரயிலுக்குக் காத்திருப்பாள். அடுத்த தாள் எங்களிடம் இல்லை. பத்து வயதிலிருந்து அவள் அந்த ஸ்ரேசனில் நிற்கிறாள்.

அப்பா கட்டிய முதலாம், இரண்டாம், நான்காம், ஐந்தாம் பாகங்கள் இல்லை. அதைப் பிறகு எழுதுகிறேன்.

20.10.2024, ஞாயிறு

அண்ணா ரொறன்ரோவிலிருந்து எடுத்தார். விறாந்தையை வீடியோவில் காட்டினேன். "உதெல்லாம் போனிலை வாசிக்கலாம். உனக்கேன் இந்த வயசிலை தூசும் தும்மலும்?" குதிரையின் மீசையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அது நான்தான். கறையான் அரிக்காமல் பார்" என்றார்.

30.10.2024, புதன்

நாளைக்குத் தீபாவளி. சந்தையில் நெரிசல். எனக்கு இந்தத் திகதி வேறு.

1995 ஒக்ரோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கி வர, ஒலிபெருக்கி அறிவித்தலோடு யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதி முழுக்க ஊரை விட்டு எழும்பி நடந்தது. மழை. எங்கள் வீடு கோண்டாவிலில். அம்மா காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், நகை, அரிசி என்று ஒரு பைக்குள் அடுக்கிக்கொண்டிருக்க, அப்பா அலுமாரிக்கு முன்னால் நின்றார். 430 புத்தகம். இதில் எதை எடுப்பது? எடுத்து எடுத்து வைத்தார். கடைசியில் ஒன்றையும் எடுக்காமல், மேசை லாச்சிக்குள் இருந்த சீ.ஆர். என்கிற பெரிய எழுதுகொப்பியை எடுத்துப் பொலித்தீனில் சுற்றி உறுதிகளோடு வைத்தார்.

அம்மாவுக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. "புத்தகத்தை விட்டிட்டுப் புத்தகக் கணக்கைக் கொண்டு வாறார்!"

அந்தக் கொப்பிதான் இரவல் கொப்பி. 1962 இல் தொடங்குகிறது. திகதி, புத்தக இலக்கம், கொண்டுபோன ஆள். திரும்பி வந்தால் சிவப்பு மையால் 'திரும்பியது'. தபால் கந்தோரில் வேலை செய்தவர்; ஒரு முத்திரை குறைந்தாலும் நித்திரை வராது. ஆனால் கொடுப்பதில் கஞ்சமில்லை. பக்கம் பக்கமாக ஊரே கொப்பிக்குள் இருக்கிறது: 'பால்காரரின் மூத்த பிள்ளை', 'புதிதாய் வந்த அப்போதிக்கரி', 'கிணற்றடி வீட்டு மச்சாள்'.

பிறகு ஒரு பக்கத்தின் நடுவே, அடிமட்டம் வைத்து இழுத்த கோடு. கீழே: '4.6.1981. இனி இரவல் இல்லை.'

1981 மே 31 இரவு தொடங்கிய வன்முறையில்தான் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 97,000 புத்தகம் என்று சொல்லும்போது எங்களுக்கு ஒரு பெரிய எண்தான் தெரிகிறது. அப்பாவுக்கு அது சனிக்கிழமைகளில் போய் இருக்கிற கதிரை. போய்ப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று அம்மா சொல்லுவா. மூன்றாம் நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு, வெளியே நின்ற தன் புத்தகங்களைத் திருப்பி வாங்கப் புறப்பட்டார். இனி ஒன்றும் வாசலைத் தாண்டாது என்ற பிடிவாதம்.

பலர் கொடுத்தார்கள். மட்டுவிலில் இருந்த மாமி, அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி, கொடுக்கவில்லை. 1980 தையில் கொண்டுபோன மூன்றாம் பாகம். "இன்னும் முடிக்கேல்லை அண்ணை." அடுத்த முறையும் அதே பதில். அதற்கடுத்த முறை அப்பா படலையிலேயே சத்தம் போட, மாமியும் போட, அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு புத்தகத்துக்காகக் கலியாண வீட்டுக்கே போகாத குடும்பம் எங்களுடையது.

95 இல் செம்மணி தாண்டி, நாவற்குழிப் பாலத்தில் ஊர்ந்து, கைதடி கடந்து, அடுத்த நாள் பொழுதுபட நாங்கள் போய் நின்றது அதே படலையில். வேறு எங்கே போவது? மாமி ஒன்றும் கேட்கவில்லை. துவாய் தந்தா. அடுப்பில் கஞ்சி. வீட்டுக்குள் ஏற்கெனவே முப்பது பேர். சுவாமி அறைத் தட்டில், திருநீற்றுக் குடுவைக்குப் பக்கத்தில், மூன்றாம் பாகம்.

அங்கே இருந்த அரை வருடமும் அப்பா அதைத்தான் வாசித்தார். மண்ணெண்ணெய் கிடைக்காத காலம். ஜாம் போத்தல் விளக்கில் திரியைக் கடுகளவுக்கு இறக்கி வைத்து, வீட்டிலிருந்த சின்னப் பிள்ளைகளுக்குச் சத்தமாக வாசிப்பார். முன்னுக்கு நடந்த இரண்டு பாகத்தையும் வாயால் சொன்னார். பின்னால் வருகிறதையும் வாயால்தான் சொன்னார். நான்காம் பாகத்தில் அவர் சொன்ன சில இடங்களைப் பிற்பாடு அச்சில் தேடினேன். கல்கி எழுதவே இல்லை.

96 மேயில் திரும்பினோம். அலுமாரிக்குக் கதவு இல்லை, தட்டு இல்லை. கிணற்றடியில் ஒரு கும்பம் தாள், மழையில் ஊறிக் கறையான் புற்றோடு ஒன்றாகிக் கிடந்தது. அப்பா தடியால் ஒருமுறை கிளறிப் பார்த்தார். அவ்வளவுதான். திரும்பி வந்து இரவல் கொப்பியை விரித்துச் சிவப்பு மை இல்லாத வரிகளை எண்ணினார். முப்பத்தொன்று.

அந்த முப்பத்தொன்றில் பதினொன்று வந்து சேர்ந்தது. ஒன்று வன்னி போய் வந்தது. ஒன்று, யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை 2002 இல் திறந்த பிறகு, கொழும்பால் சுற்றி லண்டன் பார்சலில் வந்தது. உள்ளே மன்னிப்புக் கடிதமும் ஒரு சொக்கிலேற்றும். அப்பா பூட்டி வைத்தது முழுக்கப் போயிற்று. ஊரார் ஏமாற்றி வைத்திருந்ததுதான் மிஞ்சியது.

கொப்பியில் கோட்டுக்குக் கீழே நீண்ட வெறுமை. பிறகு சிவப்பில்: 'மூன்றாம் பாகம். 18.5.1996. திரும்பியது.' அதற்கடுத்த வரியில் நீல மை. அதே நாள். யாருக்கோ ஒரு புத்தகம் இரவல் கொடுத்திருக்கிறார்.

மாமி அதைப் பையில் வைத்தபோது சொன்னது எனக்கு நல்ல ஞாபகம். "இப்பவும் முடிக்கேல்லை அண்ணை. பரவாயில்லை, கொண்டு போங்கோ."

9.11.2024, சனி

மேசன் வேலை முடிந்தது. கூலி சொன்ன கணக்கை விடக் கூட, அது வழக்கம்தானே.

சஞ்சிகைக் கட்டுகளைத் தனியே பிரித்து வைத்தேன். அதிகம் மல்லிகை, 1966 இல் டொமினிக் ஜீவா தொடங்கியது. தானே கொண்டு திரிந்து விற்ற மனிதர். 2005 இல் தொடங்கிய நூலகம் இணையத் திட்டத்தில் ஈழத்து வெளியீடுகளை ஒளிவருடி இலவசமாக வாசிக்க விடுகிறார்கள். அவர்களிடம் இல்லாத இதழ் எங்களிடம் இருந்தால் கொடுப்பதாக எண்ணம். தாள் திரும்பி வருமா என்று முதலில் கேட்க வேண்டும். அப்பாவின் மகள்தானே.

27.11.2024, புதன்

மூன்று நாளாக விடாத மழை. ஒழுங்கை முழங்காலளவு. புது ஓடு ஒரு துளி விடவில்லை, மேசன் வாழ்க.

உயர்தரப் பரீட்சையையும் தள்ளி வைத்துவிட்டார்கள். முன்வீட்டுப் பிள்ளை குடையோடு வந்து நின்றாள். "படிச்சுப் படிச்சு விசராக்குது அன்ரி. ஏதும் கதைப்புத்தகம் தாங்கோவன்." அலுமாரியைத் துழாவிவிட்டு, மேசையில் கிடந்த மூன்றாம் பாகத்தைத் தூக்கினாள். படங்களைப் புரட்டினாள். குதிரையைப் பார்த்துச் சிரித்தாள். "இதைக் கொண்டு போகட்டே?"

"அது ஈரமாக் கிடக்கு பிள்ளை, பிறகு பாப்பம்" என்றேன்.

முதலாம் பாகம், கடையில் வாங்கிய பதிப்பு, கொடுத்தேன். பொலித்தீன் பையில் போட்டு மேலால் முடிந்துவிட்டேன். இரவல் கொப்பியில் திகதியும் 'முன்வீட்டுப் பிள்ளை' என்றும் எழுதினேன். அவள் தண்ணீருக்குள் பையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு போவதைப் படலைவரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் பாகம் மேசையில்தான் கிடக்கிறது. நல்லாய்க் காய்ந்து.