முடக்கில் கண்

என்னிடம் ஸ்கூட்டரோ மோட்டார் சைக்கிளோ ஓடப் பழக வருகிறவர்கள் முதல் நாளே கேட்பது ஒன்றுதான்: "அண்ணை, எட்டு எத்தினை நாளில வரும்?" லைசன்ஸுக்கான ஓட்டச் சோதனையில், அதுதான் ட்ரையலில், நிலத்தில் கால் குத்தாமல் எட்டு வடிவில் வண்டியைச் சுற்றிக் காட்ட வேண்டும். அதனால் எட்டைச் சோதனைக்கு மட்டும் உரிய சங்கதியாக நினைத்துவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் ஓடுகிறவருக்குப் பருத்தித்துறை வீதியில் நேரே போவது பெரிய வேலை இல்லை. வீட்டுக்குப் போகிற குச்சொழுங்கைதான் வேலை. இரண்டு பக்கமும் தகரவேலி, நடுவில் சட்டென்று ஒரு முடக்கு, முடக்கில் மதில் மூலை, அதன் அடியில் யாரோ கொட்டிவிட்டுப் போன சல்லிக்கல். எட்டில் பழகுவது இதற்காகத்தான்.

உரும்பிராய்ப் பக்கம் ஒரு செம்மண் காணியில் பல வருடமாகப் பழக்குகிறேன். அங்கே ஒருமுறை ஒரு அக்கா வந்தார். வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணித் தாய்மாரைப் பார்க்கும் குடும்பநல உத்தியோகத்தர். லுமாலா சைக்கிளில் காலம் முழுக்க ஓடியவர், சமநிலை அவர் உடம்பிலேயே இருந்தது. ஆனால் சைக்கிள் சரிந்தால் ஒரு காலால் தாங்கிவிடலாம். ஸ்கூட்டர் நூறு கிலோவுக்கு மேல். ஒரு கட்டத்தைத் தாண்டிச் சரிந்தால் காலைக் கொடுத்துத் தாங்கப் பார்ப்பது ஆபத்து, கால்தான் முறியும்.

மூன்றாம் நாள், எட்டின் வலது வளைவில் அவர் கோட்டை விட்டு வெளியே போனார். அந்தப் பக்கம் ஒரு பனங்குற்றி கிடந்தது. நான் பதறிப்போய் "பிரேக், பிரேக்" என்று கத்தினேன். அவர் நான் சொன்னதைச் செய்தார். ஹான்டில் முழுக்க வலப்பக்கம் திரும்பியிருக்க, வலது கை முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தது. ஸ்கூட்டர் நின்ற இடத்திலேயே உட்பக்கமாக விழுந்தது. குற்றிக்கு இன்னும் ஆறடி இருந்தது. முழங்கையில் தோல் உரிந்து, அதில் செம்மண் அப்பியிருந்தது. "எனக்குத்தான் விளங்கேல்லை தம்பி" என்றார். அவருக்கு நன்றாகவே விளங்கியிருந்தது. பிழை என்னுடையது.

வேகமாக ஓடும்போது அந்த ஓட்டமே வண்டியை நிமிர்த்தி வைத்திருக்கும். நடக்கிற வேகத்துக்கு இறங்கினால் அந்த உதவி இல்லாமல் போகும். பின்சில்லு கொடுக்கும் மெல்லிய இழுவைதான் அப்போது சரிந்த வண்டிக்குத் தாங்கல். அக்சிலேற்றரைச் சட்டென்று மூடினால் தாங்கல் போய்விடும். முன் பிரேக் அதைவிட மோசம். திரும்பியிருக்கும் முன்சில்லு நின்றதும் பாரம் முழுவதும் உட்பக்கம் போகும்.

அன்றிலிருந்து வளைவில் இருப்பவரிடம் நான் பிரேக் என்ற சொல்லை எடுப்பதே இல்லை. எட்டுக்கு முன்னர் நேர்கோட்டில் ஊர வைக்கிறேன். அக்சிலேற்றரைக் கொஞ்சம் திறந்து அப்படியே பிடிக்க வேண்டும், வேகத்தைப் பின் பிரேக்கால் அடக்க வேண்டும். கியர் வண்டியென்றால் முதலாம் கியரில், கிளச் பாதி கடிக்கும் இடத்தில் வைத்து, வலது காலால் மெல்ல மிதிப்பது. ஸ்கூட்டரென்றால் இடது பிடி. புதிய ஸ்கூட்டர்கள் சிலவற்றில் அந்த இடது பிடியே முன்சில்லையும் கொஞ்சம் பிடிக்கும், ஆகையால் விரல் நுனி போதும். நான் பக்கத்தில் நடந்து வருவேன். என்னை முந்தாமல் வந்தால் சரி.

வலப்பக்கம் திருப்புவது பலருக்கு ஏன் கஷ்டம் என்று பிடிபட எனக்கே காலம் எடுத்தது. ஹான்டில் வலப்பக்கம் முழுக்கத் திரும்பும்போது வலது கை வயிற்றோடு வந்து ஒட்டுகிறது. முழங்கை மடங்கி மணிக்கட்டு கீழே இறங்க, அக்சிலேற்றர் தானாகத் திறந்துவிடுகிறது. நாங்கள் இடப்பக்கம் ஓடுகிற ஆட்கள், றோட்டில் வண்டியை முழுதாகத் திருப்புவது எப்போதும் வலப்பக்கம்தான். முழங்கையை வெளியே தூக்கி வைத்தால் மணிக்கட்டு நேராக நிற்கும். வண்டி உள்ளே சரியட்டும், உடம்பு நிமிர்ந்தே இருக்கட்டும்.

அப்புறம் கண். என்னிடம் விழுந்தவர்களில் அநேகம் பேர் முன்சில்லுக்குக் கீழே நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிலத்தைப் பாராதேங்கோ என்று சொல்லிப் பயனில்லை, சொன்னதும் அங்கேதான் பார்ப்பார்கள். அதனால் வளைவு முடிகிற பக்கத்தில் போய் நின்று விரல்களைக் காட்டுவேன். எத்தனை என்று சொல்லிக்கொண்டே திரும்ப வேண்டும். "மூண்டு... அஞ்சு... ரெண்டு..." என்று அக்கா சத்தமாக எண்ணிக்கொண்டு முதல் எட்டை முடித்தது இன்னும் காதில் இருக்கிறது. முழங்கைக் காயம் அப்போது காய்ந்திருக்கவில்லை.

மாரியில் செம்மண் களியாகிவிடும். கார்த்திகையில் பாதி நாள் காணியைப் பூட்டித்தான் வைத்திருப்பேன். அப்படி ஒரு நாள் கொக்குவிலில் சொந்தக்காரர் வீட்டுப் படலையடியில் நின்றபோது அக்கா ஒழுங்கைக்குள் வந்தார். முன்னால் ஒரு தண்ணீர் பவுசர் வழியை மறித்துக்கொண்டு நின்றது. தோளுக்கு மேலால் ஒருமுறை பின்னால் பார்த்தார். தலை முதலில் திரும்பியது, முழங்கை வெளியே வந்தது, பிறகு வண்டி சுற்றியது. கால் நிலத்தில் படவில்லை. போகிற வழியையே பார்த்துக்கொண்டு போனதால் அவர் என்னைக் காணவில்லை. நான் கூப்பிடவும் இல்லை.