பெட்ஃபோர்ட் ஸ்கொயர் செங்கல் வீடுங்க

லண்டன்ல பெட்ஃபோர்ட் ஸ்கொயர் பக்கம் போனா என்னால நேரா நடக்கவே முடியாது, ஒவ்வொரு வாசல்லயும் நின்னுடுவேன். 1775லேர்ந்து 1783 வரைக்கும் கட்டின ஜார்ஜியன் வீடுங்க, அதாவது ஜார்ஜுங்கற பேர்ல ராஜாக்கள் ஆண்ட காலத்துப் பாணி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வரிசையா நிக்கும். செங்கல்லைக் கிட்டப் போய்ப் பாருங்க, ஒரே வரியில ஒண்ணு நீளவாட்டுல, அடுத்தது தலைப்பக்கம் தெரியற மாதிரின்னு மாத்தி மாத்தி வைப்பாங்க, அதுதான் ஃப்ளெமிஷ் பாண்டு, சுவரே நெய்த துணி மாதிரி இருக்கும். வாசல் வளைவு உச்சியில ஒரு தாடிக்கார முகம், செதுக்கின கல்லுன்னு நினைப்பீங்க, இல்ல, லண்டன்லயே லாம்பெத்ங்கற இடத்துல எலினார் கோடுங்கற அம்மா நடத்தின தொழிற்சாலையில களிமண்ணைச் சூளையில சுட்டு செஞ்சது, இத்தனை மழை பனிக்கப்புறமும் மூக்கும் முழியும் அப்படியே இருக்கு!

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஜன்னல்தான். முதல் மாடியில நல்லா உயரமா இருக்கும், ஏன்னா விருந்தாளிங்களை உக்கார வைக்கிற டிராயிங் ரூம் அங்கதான், மேல போகப் போகக் குட்டியாயிடும். தீ பரவக் கூடாதுன்னு 1709ல வந்த சட்டம் ஜன்னலோட மர ஃப்ரேமை சுவருக்குள்ள நாலு இஞ்ச் தள்ளச் சொல்லுச்சு, 1774ல வந்த சட்டம் ஜன்னலைத் தாங்கற மரப்பெட்டியையே செங்கல்லுக்குப் பின்னாடி மறைக்கச் சொல்லிடுச்சு. அந்தப் பள்ளத்துல விழற நிழல்தான் இவ்வளவு சாதாரண சுவருக்கு உயிர் குடுக்குதுன்னு எனக்குத் தோணும்.